அம்மாவின் திதிக்கு வரும் தம்பி படையல் சோற்றைத் தொடமாட்டான்: எவ்வளவு தூரம் பொறுத்துப் போவது?

வில்லிவாக்கத்து அண்ணன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்த மன்றத்தில் நான் பெரும்பாலும் வாசிப்பவனாகவே இருந்திருக்கிறேன். குடும்பத்துச் செய்தி ஒன்றை இன்று பொதுவில் வைப்பதற்குக் காரணம், வீட்டில் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே குரல் உயர்ந்துவிடுகிறது என்பதுதான்.

எங்கள் அம்மாவுக்கு அடுத்த மாதம் இரண்டாம் ஆண்டுத் திதி வருகிறது. என் தம்பி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிறித்தவ சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டான். அவன் மனைவியும் உடன் சேர்ந்துவிட்டார். அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. அவன் குடியை விட்டதே அந்தச் சபைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

சென்ற ஆண்டு முதல் திதிக்கு அவன் வந்தான். அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு, தலைவாழை இலையில் பருப்பு வடை, சேனைக்கிழங்கு வறுவல், பால் பாயசம் என்று அம்மாவுக்குப் பிடித்தவற்றையெல்லாம் படைத்துச் சூடம் காட்டியபோது, அவன் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுப் பந்தி போட்டபோது பசியில்லை என்றான். அத்தை அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துப் பரிமாறினார். அவன் சற்று நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வாய்கூட வைக்காமல் அதை மூடிவிட்டு எழுந்தான். பெரியப்பா அப்போது சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது.

அன்று மாலை என் ஒன்பது வயது மகள், பாட்டி இப்போது எங்கே இருப்பார் என்று அவனிடம் கேட்டிருக்கிறாள். இயேசுவை ஏற்காமல் இறந்தவர்கள் நரகத்துக்குத்தான் போவார்கள் என்று அவன் பதில் சொல்லியிருக்கிறான். குழந்தை மூன்று இரவுகள் விளக்கை அணைக்க விடவில்லை.

தம்பியை அழைப்பதா, அழைத்தால் அவனை எப்படி நடத்துவது, மகளிடம் அவன் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்ற மூன்றுமே எனக்கு விளங்கவில்லை. எம்மதமும் சம்மதம் என்ற பொது அறிவுரை வேண்டாம். அது எங்கள் தெருவிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இப்படி ஒன்றைக் கடந்து வந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சூளைமேட்டுக்காரர் எழுதியது:

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பொறுத்துப் போக வேண்டியவர் நீங்கள் மட்டுமே என்று எப்படி முடிவு செய்தீர்கள்? உங்கள் வீட்டுக்கு வந்தவர், உங்கள் தாயின் நினைவு நாளில், உங்கள் பிள்ளையைப் பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். நீங்களோ அவரை எப்படி உபசரிப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இளிச்சவாய்த்தனத்துக்குச் சகிப்புத்தன்மை என்று பெயர் வைக்கும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. இந்த ஆண்டு அழைக்காதீர்கள். தாயின் அருமை தெரிந்தால் அவராகவே வருவார்.

அல்லிக்கேணி எழுதியது:

நான் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்த முஸ்லிம். எங்கள் வீட்டு மாடியில் இருபத்திரண்டு ஆண்டுகள் குடியிருந்த மாமி ஒருவரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு நவராத்திரியிலும் மாமி ஒரு எவர்சில்வர் டப்பாவில் சுண்டல் கொண்டுவருவார். வாசலிலேயே நின்று, "இது தாளித்து இறக்கியவுடன் தனியாக எடுத்து வைத்தது, அம்மா. கொலுவுக்கு நைவேத்தியம் செய்தது வேறு பாத்திரத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத்தான் டப்பாவைக் கொடுப்பார். என் தாயார் அவரிடம் அப்படி வேண்டுமென்று ஒருநாளும் கேட்டதில்லை. பெருநாளன்று என் தாயாரும் பிரியாணிக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், இறைச்சி படாத பாத்திரம் ஒன்றில் சேமியா பாயசத்தைச் செய்து மாடிக்கு அனுப்பிவிடுவார். மாமி அதைக் குடித்தாரா, வீட்டு வேலை செய்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாரா என்பது எங்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் தாயாருக்குத் தோன்றவும் இல்லை. பொறுமை என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது இந்த விசாரிக்காமைதான்.

எங்கள் பேட்டையில், 1795ஆம் ஆண்டில் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலில், ரமலான் மாதத்து மாலைகளில் நோன்பு திறப்பவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் சைவ உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஒருவர் தொடங்கிய வழக்கம் அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அந்த வரிசையில் நான் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என் காதில் விழுந்த ஒரே கருத்து வேறுபாடு ஊறுகாயில் உப்பு கூடிவிட்டதா என்பதைப் பற்றியது.

ஆகவே நண்பரே, படைப்பதற்கு முன்பே தம்பிக்கு உரியதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். எடுத்து வைத்தது என்று அவரிடம் ஒரே ஒரு முறை சொல்லுங்கள்.

சூளைமேட்டுக்காரர் எழுதியது:

அல்லிக்கேணி நண்பர் நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்றை அவர் கவனிக்கவில்லை. முன்னோருக்குப் படைக்கும் சமையலை, படைத்து முடியும் வரை எங்கள் வீடுகளில் ருசிகூடப் பார்க்கமாட்டார்கள். உப்பு சரியாக இருக்கிறதா என்பதையே மணத்தை வைத்துத்தான் அத்தைமார்கள் சொல்வார்கள். அதிலிருந்து முன்கூட்டியே ஒருவருக்கு எடுத்து வைத்தால், மீதியைத் தாய்க்குப் படைத்ததாக ஆகாதா? அவருடைய நம்பிக்கைக்கு இடம் கொடுக்கும்போது வீட்டாரின் நம்பிக்கை எங்கே போவது?

அல்லிக்கேணி எழுதியது:

நியாயமான கேள்வி. இந்த வழக்கம் எனக்குத் தெரியாது. அப்படியென்றால் தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில் சமைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

சாந்தோம் கரை எழுதியது:

நான் உங்கள் தம்பியின் பக்கத்தில் நிற்பவள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு விசுவாசத்துக்குள் வந்தேன். பிறந்த வீடு இன்றும் சிவபக்தியுள்ள வீடு. உறவினர் திருமணங்களுக்குப் போகும்போது எல்லாரும் முதலில் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், நெற்றியைப் பார்ப்பார்கள். ஒருமுறை என் பெரியம்மா கையில் விபூதியைக் கொடுத்தார். பூசிக்கொள்ள என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. கீழே கொட்ட அவர்மேல் எனக்கிருந்த அன்பு இடம் கொடுக்கவில்லை. பந்தி முடியும் வரை இடது கையை மூடியபடியே வைத்திருந்துவிட்டு, பிறகு பேருந்துப் பயணச்சீட்டில் அதை மடித்துக் கைப்பையில் போட்டேன். அந்தப் பொட்டலம் மூன்று ஆண்டுகள் அந்தப் பையிலேயே இருந்தது. உங்கள் தம்பி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சில நிமிடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் வெறுப்பினால் இலையை மூடியிருக்கமாட்டார். குடியிலிருந்து மீண்டவருக்கு ஒரு சொட்டு என்பது வெறும் சொட்டு அன்று. ஒன்றில் தளர்ந்தால் எல்லாவற்றிலும் தளர்ந்துவிடுவோம் என்ற பயம் முதல் சில ஆண்டுகளில் மிகக் கடுமையாக இருக்கும். எங்கள் சபைகளில் புதிதாக வந்தவர்கள்தாம் மிகக் கண்டிப்பானவர்கள் என்பதை, இருபது முப்பது ஆண்டுகள் அங்கே இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

இந்தச் சிக்கல் புதியதும் அன்று. பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம், பத்தாம் அதிகாரங்கள் ஏறக்குறைய முழுவதும் இதைப் பற்றியவைதாம். விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்து, போக மனமிருந்தால், பரிமாறியதைப் பற்றி எதையும் விசாரியாமல் உண்ணலாம் என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும் உண்ண வேண்டாம் என்கிறார். உங்கள் வீட்டில் தம்பியின் கண்முன்னாலேயே படையல் நடந்திருக்கிறது. அதனால் விசாரியாமல் இருக்கும் வழி அவருக்கு அடைபட்டுப்போயிற்று.

குழந்தையிடம் அவர் சொன்னதற்கு என்னால் பரிந்து பேச முடியாது. பிறரைக் குற்றவாளிகள் என்று தீர்க்காதிருங்கள் என்பதும் அவர் கையில் வைத்திருக்கும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. பெற்ற தாயைப் பற்றிய அந்தத் தீர்ப்பு அவரையே எத்தனை இரவு தூங்கவிடாமல் செய்திருக்கிறது என்பதைத் தனியாக இருக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

வில்லிவாக்கத்து அண்ணன் எழுதியது:

சகோதரி, கடைசி வரியைப் படித்த பிறகு நேற்று முழுவதும் என்னால் எதையும் எழுத முடியவில்லை. அப்படி ஒரு கோணம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உயர் நீதிமன்ற வளாகம் எழுதியது:

குடும்பத்துச் சிக்கலைச் சட்டத்தால் தீர்க்க முடியாது. ஆனால் பொறுப்பதற்கும் தடுப்பதற்கும் இடையே சட்டம் கோட்டை எங்கே போட்டிருக்கிறது என்று பார்ப்பதில் பயன் உண்டு.

சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கும், அங்கிருந்த ஒரு கிறித்தவ சபைக்கும் இடையே ஒலிபெருக்கி, மேள இரைச்சல் தொடர்பாக ஏற்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிறருடைய அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்றோ, ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டும் என்றோ எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அந்தச் சபையார் எதை நம்புகிறார்கள் என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. ஒலியின் அளவு மட்டுமே அதன் கவலையாக இருந்தது. இந்தத் தீர்ப்பு கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசலுக்கும் அரசியல் கூட்டத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் என்பதை, அதை ஒரு தரப்புக்கு எதிராக மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வழக்கு கேரளத்தைச் சேர்ந்தது. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதம் பாடப்பட்டபோது மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கை தடுக்கிறது என்பதால் பாடவில்லை. 1985இல் அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது. நமது மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, நமது அரசமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்யாதிருப்போம் என்ற பொருளில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பை முடித்திருப்பார்.

உங்கள் தம்பி படையலை உண்ணாதது, அந்தப் பிள்ளைகள் பாடாமல் நின்றதைப் போன்றது. குழந்தையிடம் நரகத்தைப் பற்றிச் சொன்னது ஒலிபெருக்கியைப் போன்றது. முன்னதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பின்னதை நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதனால் நீங்கள் சகிப்புத்தன்மை அற்றவராகிவிடமாட்டீர்கள்.

பகுத்தறிவுப் பேரன் எழுதியது:

எனக்குக் கடவுள் நம்பிக்கையும் இல்லை, திதியில் நம்பிக்கையும் இல்லை. ஆனால் பாடாமல் எழுந்து நின்ற பிள்ளைகளைப் பற்றிப் படித்தவுடன் பெரியாரின் நினைவு வந்தது. பொதுக்கூட்டங்களில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது, தள்ளாத வயதிலும் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நிற்பார் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். பலரும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நெடுங்காலம் அரசியலில் எதிரெதிரே நின்ற இராஜாஜி 1972 டிசம்பரில் மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சுடுகாட்டுக்கே போய்க் கண்ணீர் விட்டார்.

உடனே ஒருவர், 1953இல் பிள்ளையார் சிலைகளை உடைத்தவரும் அவர்தானே என்று கேட்பார். ஆமாம், அவர்தான். அதனால்தான் இந்த எடுத்துக்காட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் கருத்தை அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிரே இருந்த மனிதரை விட்டுக்கொடுத்ததும் இல்லை. சகிப்பு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்வது என நினைப்பவர்களால் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாது. உங்கள் தம்பி நம்புவது உண்மை என்று நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, அண்ணா. எனக்கும் அதில் உடன்பாடு இல்லை.

என்னிடமும் ஒரு குறை உண்டு. என் சொந்த அக்காள் வீட்டில் சரஸ்வதி பூசையன்று நான் வேண்டுமென்றே செருப்போடு கூடத்துக்குள் நடந்தவன். அப்போது வயது இருபத்தொன்று. அதைப் பகுத்தறிவு என்று நினைத்தேன்.

ஏழுகிணறு எழுதியது:

இங்கே எழுதியவர்கள் மதத்துக்கும் மதத்துக்கும் இடையே நடப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். உண்மையில் ஒரே வீட்டுக்குள், ஒரே சமயத்துக்குள் வரும் பிணக்குத்தான் ஆறாத புண்ணாக இருக்கும். எங்கள் பகுதியில் வீராசாமித் தெருவில் வள்ளலார் நெடுநாள் வாழ்ந்த வீடு இருக்கிறது. அவருடைய பாடல்கள் அருளால் வந்த அருட்பாவா, மயக்கத்தால் வந்த மருட்பாவா என்று எழுந்த சண்டையில் எதிரே நின்றவர் ஆறுமுக நாவலர். இருவரும் சைவர்கள், இருவரும் திருநீறு அணிந்தவர்கள், இருவரும் தமிழை உயிராக நினைத்தவர்கள். இருந்தும் 1869இல் அது மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது.

இதில் எனக்கு வியப்பளிப்பது பின்னால் நடந்த செய்தி. இருவரும் மறைந்து பல ஆண்டுகள் கழித்து அதே சண்டை சென்னையில் மீண்டும் மூண்டது. அப்போது அருட்பாவின் பக்கம் நின்று மேடை மேடையாக வாதாடியவர் இடலாக்குடிச் செய்குத்தம்பிப் பாவலர். 1907இல் விக்டோரியா பொது மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்தும் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றவரும் அவரே. ஐந்து வேளைத் தொழுகையுள்ள ஒரு முஸ்லிம், சைவர்களுக்குள் நடந்த வழக்கில் ஒரு சைவருடைய பாடல்களுக்காகப் பேசினார். அவற்றை வரி வரியாகப் படித்திருந்தால்தானே அது முடியும்? அதற்காக அவர் தம் மார்க்கத்திலிருந்து நூலளவும் விலகியதாக யாரும் சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலையும் தென்கலையும் நீதிமன்றம் ஏறிய கதையை நான் தொடங்கினால் இந்த இழை முடியாது, விட்டுவிடுகிறேன்.

அயலாரிடம் நாம் காட்டும் பொறுமை உடன்பிறந்தவனிடம் ஏன் வற்றிவிடுகிறது என்றால், அயலான் வேறாக இருப்பதை நாம் எதிர்பார்க்கிறோம். தம்பி வேறாகிவிட்டால் நம்மை விட்டுப் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அல்லிக்கேணியார் வீட்டு மாடியில் மாமி மகிழ்ச்சியாக இருந்தார். அவருடைய தங்கையே இஸ்லாத்தைத் தழுவியிருந்தால் அந்த எவர்சில்வர் டப்பா கீழே இறங்கியிருக்குமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

அல்லிக்கேணி எழுதியது:

இறங்கியிருக்காது. என் தாயாரின் பக்கத்திலும் அப்படித்தான் நடந்திருக்கும். உண்மையை ஒப்புக்கொள்கிறேன்.

சூளைமேட்டுக்காரர் எழுதியது:

அழைக்க வேண்டாம் என்று நான் எழுதியது கோபத்தில் எழுதியது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விடமாட்டேன். குழந்தை கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் திதிக்கு முன்பே அவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் பெரியப்பாவின் வாய்தான் பேசும்.

வில்லிவாக்கத்து அண்ணன் எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், திதி சென்ற வியாழக்கிழமை முடிந்தது.

திதிக்குப் பத்து நாள் முன்பு தம்பியை வில்லிவாக்கம் ரயில் நிலையத்துக்கு வெளியே இருக்கும் தேநீர்க்கடைக்கு வரச் சொல்லிப் பேசினேன். படையல் சமாச்சாரத்தைச் சொன்னவுடன் ஒத்துக்கொண்டான். மகளைப் பற்றிப் பேசியபோது, வேதம் அப்படித்தான் சொல்கிறது, நான் பொய் சொல்ல முடியாது என்றான். பொய் சொல்ல வேண்டாம், ஒன்பது வயதுக் குழந்தையிடம் அந்தப் பேச்சே வேண்டாம், அது என் வீட்டில் என் முடிவு என்று நான் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. கடைசியில் சரி என்றான். சகோதரி கேட்கச் சொன்னதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் கிளம்பும்போது அவனாகவே, அம்மா மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தில் அவர் காதருகே தான் ஜெபம் செய்ததாகவும், அம்மா தலையை அசைத்ததாகவும், அந்த அசைவுக்கு என்ன பொருள் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னான். நான் அவன் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

அத்தையிடம் தனி அடுப்பைப் பற்றிச் சொல்ல நான் பயந்துகொண்டிருந்தேன். அவரோ, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் போன வருடமே செய்திருப்பேனே என்று என்னைத்தான் திட்டினார். பின்கட்டில் பழைய மண்ணெண்ணெய் அடுப்பைத் துடைத்து வைத்து, சின்னக் குக்கரில் சோறும், ஒரு கைப்பிடிக் கடலைப் பருப்பை ஊறவைத்து அரைத்து ஏழு வடையும் தனியாகச் செய்தார். வடையை எண்ணி ஒரு தூக்குவாளியில் போட்டு, அதன் கைப்பிடியில் துணிக் கிழிசல் ஒன்றைக் கட்டி வைத்தார். அல்லிக்கேணி நண்பரின் மாமியைப் பற்றி அவருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சூடம் காட்டும்போது தம்பி மாடிப்படிக்குப் போகவில்லை. கூடத்தின் வாசற்படியை ஒட்டிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். கும்பிடவில்லை. அவன் மனைவி வரவில்லை. தலைவலி என்றான், நான் மேற்கொண்டு கேட்கவில்லை. பந்தியில் பெரியப்பாவுக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து ஐந்து வடை சாப்பிட்டான். பெரியப்பா அவனோடு பேசவில்லை. ஆனால் மோர் வந்தபோது, அந்த இலைக்கு மோர் விடவில்லையா என்று பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவியிடம் கேட்டார். மகள் மட்டும் தூக்குவாளியைப் பார்த்துவிட்டு, சித்தப்பாவுக்கு மட்டும் ஏன் தனிப் பாத்திரம் என்று சத்தமாகக் கேட்டாள். கூடமே அமைதியாயிற்று. சித்தப்பாவுக்கு வேறு மாதிரி சமைத்தது வேண்டும் என்றேன். எனக்கும் அந்த வடையில் ஒன்று வேண்டும் என்றாள். மீதியிருந்த இரண்டில் ஒன்றை அவன் அவளுக்குக் கொடுத்தான்.

அடுத்த ஆண்டுத் திதி ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது என்று பெரியப்பா கணக்குப் பார்த்துச் சொன்னார். தம்பிக்குச் சபையில் ஆராதனை முடியவே ஒரு மணி ஆகிவிடும். பந்தியை இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாமே என்கிறார் அத்தை. உச்சிக்குள் காக்கைக்குச் சோறு வைத்தாக வேண்டும் என்கிறார் பெரியப்பா. காக்கைக்கு நேரத்தோடு வைத்துவிட்டு, பந்தியை மட்டும் தள்ளிப்போட முடியுமா என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.